எதிர் வீட்டு கோல்கீப்பர்

நாற்பத்தெட்டு வயது ஆண் ஒருவன் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து வயிறெரிய முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். எனக்கு எரிந்தது. அதுவும் ஒரு கால்பந்து சீசன் முழுக்க. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிரே அந்தப் பெண் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருப்பாள். "குட் மார்னிங் அங்கிள்" என்பாள். நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டு உள்ளே வந்து, பால் பாக்கெட்டைத் தேவைக்கு மேல் வேகமாக சமையல் மேடையில் போடுவேன். "பாக்கெட் ஒடஞ்சா நீங்கதான் தொடைக்கணும்" என்பாள் என் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மரியாதையான பெண். நன்றாகப் படிப்பாள். பைபிள் கிளாஸில் எல்லா வசனமும் மனப்பாடமாகச் சொல்வாள். குறை ஏதாவது கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிடைக்காததுதான் பெரிய தொல்லை.

அவளுடைய அப்பாவும் நானும் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். அவன் குமணன்சாவடி, நான் நசரத்பேட்டை. பூந்தமல்லியில் ஒரே பஸ்ஸைப் பிடித்து, ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்தோம். பிறகு ஒரே செக்‌ஷன். கல்யாணமும் ஒரே வருஷம். குவார்ட்டர்ஸிலும் எங்கள் கதவுகள் எதிரும் புதிருமாக அமைந்தன. சம்பளமும் ஒன்று, பதவி உயர்வும் ஒன்று. அவனுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதது என்று ஒன்றும் இல்லாததால், இத்தனை வருஷமும் நான் பெருந்தன்மையானவன் என்று என்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரண்டு பேர் பெண்களும் ஒரே வகுப்பு, ஒரே கால்பந்து டீம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு கோச் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த டீமுக்கு இரண்டு வருஷமாக கோல்கீப்பர் என் பெண்தான். விழுவதற்கு அவள் பயப்படவே மாட்டாள். கல்லு, முள்ளு எதுவும் பார்க்காமல் பந்துக்குப் பாய்வாள். முழங்கையிலும் முட்டியிலும் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும், இன்னொன்று புதிதாக இருக்கும். "இந்தக் கையோட யாருடி உன்னக் கட்டிப்பான்?" என்று அவளுடைய அம்மா மஞ்சள் போட்டுக்கொண்டே கேட்பாள். "கையப் பாத்துக் கட்டிக்கிறவன் எனக்கு வேணாம்" என்று அவள் சொல்வாள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருஷம்தான் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான தேசிய நாக்-அவுட் போட்டிக்கு எங்கள் டீம் பெயர் கொடுத்தது. முதலில் மாவட்டம், பிறகு மாநிலம், பிறகு தென்மண்டலம், அதையும் தாண்டினால் வடக்கே போய் அகில இந்திய ஆட்டங்கள். நாக்-அவுட் என்றால் தெரியுமே, ஒரு ஆட்டத்தில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த வருஷம் என் பெண்ணுக்கு வயது தாண்டிவிடும். ஆடினால் இந்த ஒரு சீசன்தான். தேசியப் போட்டியில் என் பெண் கோல் போஸ்டுக்கு நடுவே நிற்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம். எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்த சமயம். உடம்பு அனலாகக் கொதித்தது, எழுந்து நிற்கவே முடியவில்லை. கோச் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோலுக்கு முன்னால் தடுக்கிற ஃபுல் பேக்காக ஆடிக்கொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண்ணை கோலில் நிற்கச் சொன்னார். அவள் நல்ல உயரம், ஓட்டம் கொஞ்சம் மந்தம். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார், வேறு திறமை எதையும் பார்த்து இல்லை. அவளிடம் கிளவுஸ் கிடையாது. என் பெண் படுத்தபடியே, "அப்பா, என்னோடதக் கொண்டுபோய்க் குடு" என்றாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா ஆடும்மா" என்று வாழ்த்திவிட்டு வேறு வந்தேன்.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பந்து அவள் பக்கம் வந்ததே ரொம்பக் குறைவு. வந்த பந்தும் அவள்மேல் தானாக வந்து மோதியது. நான் மைதானத்தில் நின்று பார்த்தவன், ஆகவே சாட்சி சொல்ல முடியும்.

அடுத்த வாரம் என் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டு, பயிற்சிக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். நான் கோச்சைப் போய்ப் பார்த்தேன்.

"சார், பொண்ணு ரெடி சார்."

"தெரியும் சார். நல்லா பண்றா."

"அப்ப அடுத்த மேட்ச்..."

"ஜெயிச்ச டீம்ல கைய வெக்க மாட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் இது எழுதப்படாத சட்டம். முதல் ஆட்டத்தில் எந்தப் பதினோரு பேர் ஜெயித்தார்களோ அவர்கள்தான் அடுத்த ஆட்டத்திலும் இறங்க வேண்டும். யார் யாருக்குப் பின்னால் மைதானத்துக்குள் நடந்து போனார்களோ அதே வரிசையில்தான் போக வேண்டும். வேனில் உட்கார்ந்த அதே சீட். சென்டர் ஃபார்வர்ட் பெண் சாக்ஸைத் துவைக்கவே மாட்டேன் என்று சொல்லி அவள் வீட்டில் தினம் சண்டை. கோச்சும் சாயம் போன ஒரே தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். மற்ற போட்டிகளில் இதையெல்லாம் கொஞ்சம் தளர்த்துவார்கள். நாக்-அவுட்டில் துளிகூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். டீம் ஜெயித்தால் எதிர் வீட்டுப் பெண்தான் மறுபடியும் நிற்பாள். தோற்றால் சீசனே முடிந்துவிடும். ஆக, என் பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு மிச்சமிருக்க வேண்டுமென்றால், எந்தப் பெண்ணைப் பார்த்து எனக்கு எரிகிறதோ அதே பெண் பந்தைப் பிடிக்க வேண்டும். அவள் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க, என் பெண் பெஞ்சில் இன்னும் ஆழமாக உட்கார வேண்டும். மற்ற ஆட்டக்காரர்களாவது கடைசிப் பத்து நிமிஷம் உள்ளே போவார்கள். கோல்கீப்பரை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள்.

கிளவுஸ் மட்டும் திரும்பி வந்தது. எதிர் வீட்டுக்காரன் தன் பெண்ணுக்குப் பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடையில் புதிது வாங்கிவிட்டு, என் பெண்ணுடையதைத் துவைத்துக் காயவைத்து, கூடவே ஒரு டப்பா பால்கோவாவும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பால்கோவா நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

இரண்டாவது ஆட்டம் அம்பத்தூரில். ஜெயித்தார்கள். மூன்றாவது பூந்தமல்லிப் பக்கம், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட மண் எல்லாம் காற்றில் பறந்து வந்து கண்ணில் விழும் ஒரு மைதானத்தில். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. அவள் இரண்டு பந்துகளைப் பிடித்தாள். ஒன்றை இடது பக்கம் பாய்ந்து, ஒன்றை வலது பக்கம் பாய்ந்து. முதல் ஆட்டத்தில் பந்துக்குக் குறுக்கே எருமை மாதிரி நின்றுகொண்டிருந்த பெண்ணுக்கு இந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கிக்கின்போதும் இது கோலாகட்டும் என்று ஒரு மனசு சொன்னது, ஐயோ ஆகக் கூடாது என்று இன்னொரு மனசு அலறியது. அவளையே முறைத்துக்கொண்டு நின்றேன். எல்லைக் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த என் பெண் பக்கம் நான் திரும்பவே இல்லை. பார்த்தால் தாங்காது.

எதிர் வீட்டுக்காரன் வேலி மேல் ஏறிக் குதித்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மச்சான்! பாத்தியா மச்சான்! என் பொண்ணு மச்சான்!"

"பாத்தேன்டா. பாத்துக்கினுதான கீறேன்."

"எப்டிப் பாஞ்சா பாத்தியா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

அன்றைக்கு இரவுக்குள் அந்த வீடியோ எங்கள் செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. மெதுவாக ஓடுகிற மாதிரி ஒன்று, பின்னால் பாட்டு சேர்த்து இன்னொன்று. நான் பார்த்தது அவனுக்குத் தெரியக் கூடாது என்று நெட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பு ஏதாவது செய்திருக்கிறாளா, பந்தை உதைக்கும் முன்பே கோல் கோட்டை விட்டு நகர்ந்தாளா என்று தேடினேன். நகரவில்லை. சனியன், சுத்தமான பாய்ச்சல்.

மறுநாள் கேன்டீனில் அவன் தட்டில் கூடுதலாக ஒரு வடை விழுந்தது. பரிமாறுகிறவர் அவன் தோளில் தட்டி, "இன்னாமா கலக்குது உன் பொண்ணு!" என்றார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "உன் பொண்ணுகூட ஆடும்ல? இப்பவும் டீம்லதான கீது?" என்று அக்கறையாக விசாரித்தார். கீது என்றேன். சாம்பார் போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் அங்கேயும் சிக்கல். முழந்தாளிட்டு என்ன கேட்பது? என் பெண் ஆட வேண்டும் என்று கேட்டால், மற்றவளுக்கு ஏதாவது ஆனால்தானே அது நடக்கும். பிறத்தியார் பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும் என்று சர்ச்சில் உட்கார்ந்து கேட்க முடியுமா? கேட்டால் மாதா விளக்குமாறு எடுப்பாள். அதனால், "ஆண்டவரே, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம், ஆனால் என் பொண்ணு ஆடணும், எப்படின்னு நீரே பார்த்துக்கொள்ளும்" என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு எழுந்தேன். மூன்று வரிசைக்கு முன்னால் எதிர் வீட்டுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் கேட்பதற்குச் சுலபமான ஜெபம் இருந்தது. அதற்கும் எரிந்தது.

என் மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள்: "ஆடாதது அவ. அவ நல்லாத்தான் சாப்பிடுறா, தூங்குறா. உங்களுக்குத்தான் ஜெலுசில் வேண்டியிருக்கு."

எனக்கு என் பெண்மேலும் கோபம். தினமும் மாலையில் பயிற்சிக்குப் போய், எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வார்ம்-அப் கொடுப்பது இவள் வேலை. பந்தை விதவிதமாக அவளை நோக்கி அடித்துப் பழக்குவாள். விழுவது எப்படி, எழுவது எப்படி என்றும் இவளே சொல்லிக்கொடுத்தாள். தன் இடத்தைப் பிடித்தவளுக்குத் தானே தீட்டிக் கொடுக்கிறாளே என்று பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன்.

"உனக்குக் கோவமே வரலியாடி?"

"வந்துச்சுப்பா. அழுதேன்."

"எப்ப? நான் பாக்கலையே."

"பாத்ரூம்ல. அப்புறம் ப்ராக்டிஸுக்கு லேட்டாயிடுச்சு, போயிட்டேன்."

வீட்டில் யாராவது ஒருவர் பொறாமைப்பட்டுத்தானே ஆக வேண்டும். அவள் படவில்லை, அவள் அம்மா படவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

மாநிலம் முடிந்தது, மண்டலமும் முடிந்தது. எங்கள் டீம் யாரும் எதிர்பார்க்காதபடி எல்லாவற்றையும் தாண்டி வடக்கே கிளம்பியது. சென்ட்ரலில் வழியனுப்பப் போனோம். அவன் தன் பெண்ணுக்கு மாலை போட்டான். என் பெண்ணுக்கும் ஒரு மாலை வாங்கி வந்திருந்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. மாலையோடு என் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தபோது, அவன் வாங்கின மாலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. யூடியூபில் நேரலை உண்டு என்றார்கள். எங்கள் வீட்டு டிவி பழையது, அதில் யூடியூப் வராது. எதிர் வீட்டில் சுவர் அகலத்துக்குப் புது டிவி. பூசை முடிந்து வந்ததும் அவன் மனைவி வாசலில் வந்து நின்று, "அண்ணா, எல்லாரும் நம்ம ஊட்லயே பாக்கலாம், வடை போட்டிருக்கேன்" என்று கூப்பிட்டாள். போனில் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி செருப்பை மாட்டிவிட்டாள்.

ஒரே ஒரு கேமராதான். அதுவும் யாரோ கல்யாண வீடியோ எடுக்கிறவரை அழைத்து வந்து ஏற்றியது போல, பந்தை விட்டுவிட்டு அடிக்கடி ஆட்களின் முகத்துக்குப் போனது. ஹிந்தியில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். எங்கள் டீம் பெயரை அவர் சொன்னது எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பெஞ்ச் படத்தில் வரவே இல்லை. என் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று படத்தின் ஓரங்களில் தேடிப் பார்த்து அலுத்துப்போனேன். முதல் பாதியில் ஒரு கோல் போட்டு எங்கள் டீம் முன்னால் இருந்தது. எதிர் வீட்டுக்காரன் சோபாவின் கைப்பிடிமேல் உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தான். நான் வடை தின்றேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது எதிர் டீமின் ஃபார்வர்ட் பெண் தனியாகப் பந்தோடு ஓடிவந்தாள். எதிர் வீட்டுப் பெண் கோலை விட்டு வெளியே வந்து அவள் காலடியில் பாய்ந்தாள். இருவரும் மோதிச் சுருண்டு விழுந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதி, பெனால்டி என்று கையைக் காட்டினார். ஃபார்வர்ட் பெண் எழுந்துவிட்டாள். எங்கள் கோல்கீப்பர் எழவில்லை. வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றான்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை வேறு வார்த்தையில் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் சட்டென்று, வெட்கமே இல்லாமல் வந்தது. அடுத்த நொடியே கோவிலில் நான் கேட்ட ஜெபம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. அவர்கள் வீட்டு சோபாவில், அவர்கள் போட்ட வடை கையில் இருக்க, அவர்கள் பெண் அடிபட்டுக் கிடக்கும்போது, நான் உள்ளுக்குள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

படத்தின் ஓரத்திலிருந்து என் பெண் ஓடிவந்தாள். ஓடிக்கொண்டே கிளவுஸை மாட்டினாள். இத்தனை மாதமாக நான் ஏங்கின காட்சி. கீழே கிடந்தவள் அருகில் குனிந்து அவள் தலையை ஒருமுறை தொட்டாள். பிறகு கோல் போஸ்டுக்கு நடுவே போய் நின்றாள். உடம்பு சூடாக ஒரு பந்தைக்கூடத் தொடாமல், முதல் வேலையே பெனால்டி. என் மனைவி என் கையைப் பிடித்து நசுக்கினாள். எதிர் டீம் பெண் பந்தைப் புள்ளியில் வைத்தாள்.

அப்போது கேமரா ஸ்ட்ரெச்சர் பின்னால் போய்விட்டது.

எதிர் வீட்டுப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து, கோல் கோட்டுக்கு வெளியே இறக்கிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா அவள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. டிவி முழுக்க அவள்தான். என் பெண்ணும் கோல் போஸ்டும் படத்துக்கு வெளியே எங்கோ இருந்தார்கள்.

"டேய், அந்தப் பக்கம் திருப்புடா! அவள இன்னாடா பாத்துக்கினுகீற, கோலக் காட்டுடா!"

கத்தியது நான்தான். கத்தி முடித்தபிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. என் மனைவி தொடையில் கிள்ளினாள். எதிர் வீட்டுக்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். திரும்பவும் டிவியைப் பார்த்தான். அவன் மனைவி எழுந்து போய்த் திரையில் தெரிந்த தன் பெண்ணின் கன்னத்தைக் கையால் தொட்டாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் அடிபடாத இடது கையை மெல்ல மேலே தூக்கினாள்.

"வலிக்குது போலங்க. கையத் தூக்குறா பாருங்க" என்று அந்த அம்மாள் அழுதாள்.

விசில் சத்தம் கேட்டது. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய கூச்சல். யாருடைய கூச்சல் என்று தெரியவில்லை. கேமரா தடுமாறி வேகமாகத் திரும்பியபோது, என் பெண் தரையில் குப்புறக் கிடந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். டீம் முழுக்க அவள்மேல் போய் விழுந்துகொண்டிருந்தது.

பிடித்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் அவள் பாய்ந்த பாய்ச்சலை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குக் காட்டப்பட்டது எதிர் வீட்டுப் பெண்தான்.

ஆட்டம் முடிந்தது, ஜெயித்தார்கள். அவன் கோச்சுக்கும், டீமோடு போயிருந்த மானேஜர் அம்மாவுக்கும் மாற்றி மாற்றிப் போன் அடித்தான். ஒரு வழியாக மானேஜர் அம்மா எடுத்து, மணிக்கட்டில்தான் அடி, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகிறோம், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு போன் என் பெண் கைக்கு மாறியது. ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடவே போய்க்கொண்டிருந்தாள். முதலில் எதிர் வீட்டு அம்மாளிடம்தான் பேசினாள். "ஆன்ட்டி, அழாதீங்க ஆன்ட்டி, அவ சிரிச்சுக்கினு கீறா" என்று சொன்னது எனக்கே கேட்டது. அதன் பிறகுதான் போன் என்னிடம் வந்தது. நான் வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா, பாத்தியா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. "பாக்கலடி. அந்த நாசமாப்போனவன் கேமராவ ஸ்ட்ரெச்சர்கிட்ட கொண்டுபோயிட்டான். அவளத்தான் காமிச்சான்."

"அப்ப அவ கையத் தூக்குனதப் பாத்தியா?"

"பாத்தேன். வலி தாங்காமத் தூக்குனா. அவங்கம்மாகூட அழுதுச்சு."

அவள் சிரித்தாள். "வலியில்லப்பா. வலது பக்கம் பாய்னு சொன்னா. கையத் தூக்குனா வலது, நெஞ்சுல வெச்சா இடது. எதிர் டீம்ல பெனால்டி அடிக்கிற பொண்ணு வார்ம்-அப்ல அடிச்ச பெனால்டி எல்லாம் ஒரே பக்கம். நான்தான் பாத்து அவளுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். உள்ள போய் நின்னதும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. அவளத் திரும்பிப் பாத்தேன், கையத் தூக்குனா, பாஞ்சிட்டேன்."

"இது எப்பருந்து?"

"இன்னாப்பா எப்பருந்து? பெஞ்ச்ல இருக்கிற கீப்பருக்கு அதான வேலை. பூந்தமல்லி மேட்ச்ல நான் லைன்ல நின்னு கையக் காட்டித்தான அவ ரெண்டு பந்து புடிச்சா. நீ அங்கதான நின்னுகினு இருந்த? பாக்கலியா?"

நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து அவள் ஹலோ ஹலோ என்றாள். நல்லா பண்ணிட்டம்மா என்று சொல்லி வைத்தேன்.

வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாட்ஸ்அப்பில் தப்பு தேடித் தேடி நான் பார்த்த அந்த இரண்டு பாய்ச்சலிலும் பாதி என் பெண்ணுடையது. அது தெரிந்ததும் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். தீரவில்லை, இடம் மாறியது. இப்போது அந்த இரண்டு பெண்களையும் சேர்த்துப் பார்த்து எரிந்தது. அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போதும் இன்னொருத்திக்காகக் கையைத் தூக்குகிற மாதிரி எனக்கு யார் இருக்கிறார்கள்? எதிர் வீட்டில் ஒருவன் இருக்கிறான். அவன் பெண் விழுந்தபோது நான் வடை தின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன்.

உள்ளே போனதும் அவன், "இன்னா மச்சான் சொன்னா?" என்று கேட்டான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பந்தைப் பிடித்தது முழுக்க என் பெண்தான் என்று அந்த ஹாலில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றே ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதிலும் பாதியை எடுத்து அவனுக்குக் கொடுக்க மனசே வரவில்லை. ஆனால் அவன் மனைவி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வலியில கையத் தூக்கலியாம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூந்தமல்லி ஆட்டத்தில் என் பெண் கையைக் காட்டினதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதை விட்டுவிட நான் என்ன மடையனா?

அவன் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு என்னைப் பிடித்து உலுக்கினான். "மச்சான்! பாத்தியா மச்சான்! படுத்துக்கினே புடிச்சிருக்கா மச்சான்!"

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவதற்குள் கதை தொழிற்சாலை கேட்டைத் தாண்டி எங்கள் செக்‌ஷனுக்கு வந்துவிட்டிருந்தது. அவன் குரூப்பில் எழுதினது இவ்வளவுதான்: கை உடைந்தும் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் மகள் தடுத்த பெனால்டி. கீழே நூறு கைதட்டல். பூந்தமல்லி விஷயம் அதில் இல்லவே இல்லை. நான் மெஷினைப் போட்டுவிட்டு, அந்த இரைச்சலில் அவனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டீ நேரத்தில் எங்கள் செக்‌ஷனை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் வந்தார். பின்னால் நாலைந்து பேர். அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "எல்லாம் சரிய்யா. உன் பொண்ணு ஸ்ட்ரெச்சர்ல கீறா. அப்ப கோல்ல நின்னு பந்தப் புடிச்சது யாரு?" என்று கேட்டார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்றுதான் ஒரு சீசன் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்தேன். பதில் தொண்டைவரை வந்துவிட்டது.

"இவன் பொண்ணு சார்! இவன் பொண்ணு!" என்று அதற்குள் அவன் கத்திவிட்டான். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறையும் கத்தினான். அதையும் அவனே சொல்லிவிட்டான்.